புது கிளினிக்: சேரில் போடும் காசை ஆட்டோகிளேவுக்கும் தண்ணி லைனுக்கும் திருப்பலாமா?

புதுகிளினிக்:
திருப்பூர் பக்கம் ரெண்டு சேர் வெச்சு பல் கிளினிக் ஆரம்பிக்கிறோம். ஒரு நாளைக்கு 15 முதல் 20 பேஷண்ட். டீலர் கொடுத்த கொட்டேஷன்ல முக்கால்வாசிக் காசு சேருக்கே போயிடுது: டச் பேனல், கேமரா, மானிட்டர். கடைசி வரியில ஒரு குக்கர் டைப் ஆட்டோகிளேவ் (நீராவியால கருவியில இருக்கிற கிருமியைக் கொல்ற மெஷின்), ஒரு யூ.வி. சேம்பர் (புற ஊதா வெளிச்சப் பெட்டி), ஒரு கிளாஸ் பீட் ஸ்டெரிலைசர் (சூடான கண்ணாடி மணிக் கிண்ணம்), ரெண்டு சேருக்கும் சேர்த்து 3 ஏரோட்டர் (பல்லைக் குடையுற வேகக் கருவி). வாணியம்பாடி அறிக்கை வெளிவந்த பிறகு இந்த வரிசையே தலைகீழா இருக்கோன்னு சந்தேகம். எதை வாங்கினா நோயாளிக்குத் தொற்று தடுக்கப்படும், எதுல காசு வீண்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

வாய்முக_சர்ஜன்:
வாணியம்பாடியைச் சொல்லிவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம். 2023-ல் அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களில் 8 பேர் நியூரோமெலியாய்டோசிஸ் என்ற, மூளையையும் நரம்பையும் தாக்கும் தொற்று வந்து இறந்தார்கள். புர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. 2025-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்காசிய இதழில் வெளியான ஆய்வு, அங்கே திறந்து பயன்படுத்திக்கொண்டிருந்த சலைன் பாட்டிலில் அந்தக் கிருமி இருந்ததைக் காட்டியது. பாட்டிலைப் பெரியாஸ்டியல் எலிவேட்டரால் (ஈறை எலும்பிலிருந்து விலக்கும் கருவி) குத்தித் திறந்திருக்கிறார்கள், பிறகு பஞ்சு வைத்து அடைத்து அடுத்தடுத்த நோயாளிக்கும் எடுத்திருக்கிறார்கள்.

இதில் ஆட்டோகிளேவ் எவ்வளவு விலை என்ற கேள்வியே எழவில்லை. நார்மல் சலைனில் கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் கலப்பதில்லை. திறந்த நொடியிலிருந்து அது வெறும் உப்புத் தண்ணீர். இந்தக் கிருமியோ காய்ச்சி வடித்த நீரில்கூட ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. பல் பிடுங்கிய குழியில் அதைப் பீய்ச்சினால் நேராக எலும்புக்கும் நரம்புக்கும் அருகில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

ஆகவே உங்கள் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது 100 மி.லி. சலைன் பாட்டில். 500 மி.லி. பாட்டில் வாங்கினால் மிச்சத்தைக் கொட்ட யாருக்கும் மனசு வராது. நாலு நாள் மேசையில் நிற்கும். 100 மி.லி. என்றால் ஒரு நோயாளிக்கு ஒன்று, மிச்சம் இருந்தால் கொட்டிவிடலாம். மூடிப் பகுதியை ஆல்கஹால் துடைப்பானால் துடைத்து உலரவிடுங்கள். ஸ்டெரைல் ஊசியால் எடுங்கள், அல்லது ஸ்டெரைல் கத்தரியால் முனையை வெட்டி, ஆட்டோகிளேவ் ஆன கிண்ணத்தில் ஒரே தடவையாக ஊற்றுங்கள். பாட்டிலில் ஊசியைச் செருகியபடியே விட்டுவைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த ஊசித் துளை நாள் முழுதும் திறந்த வாசல்.

சேர்மெக்கானிக்:
டாக்டர் சொன்னது முதல் விஷயம், சரி. ரெண்டாவது ஆட்டோகிளேவ். குக்கர் டைப்பை வெட்டுங்க, அந்த இடத்துல கிளாஸ் பி போடுங்க.

காரணம் ஏரோட்டர். அது உள்ளே ஓட்டையான சாமான். காத்துக்கு ஒரு குழாய், தண்ணிக்கு ஒரு குழாய், தலைக்குள்ள டர்பைன். அந்தக் குழாய்க்குள்ள நிக்கிற காத்தை வெளியே எடுக்காம நீராவி உள்ளே போகாது. குக்கர் டைப்புல நீராவி காத்தைக் கீழே தள்ளும், அவ்வளவுதான். திடமான கண்ணாடி, புரோப், ஃபார்செப்ஸுக்கு அது போதும். மெல்லிய குழாய்க்குள்ள காத்து அப்படியே மாட்டிக்கும். கிளாஸ் பி மெஷின்ல வேக்குவம் பம்ப் காத்தை உறிஞ்சி, நீராவி விட்டு, மறுபடி உறிஞ்சின்னு பொதுவா மூணு தடவை செய்யும். அப்புறம்தான் 134 டிகிரிக்கு ஏறும். கடைசியா இன்னொரு தடவை உறிஞ்சி பவுச்சை (கருவி வெச்சு ஒட்டுற, ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பிளாஸ்டிக் உறை) காய வைக்கும்.

வாங்கும்போது ஏமாற இடம் இருக்கு. "வேக்குவம் ஆட்டோகிளேவ்"னு விக்கிற சில மெஷின்ல வேக்குவம் கடைசியில காய வைக்க மட்டும்தான். முன்னாடி உறிஞ்சாது. வெளித் தோற்றத்துல வித்தியாசம் தெரியாது. டெமோவுல ஹெலிக்ஸ் டெஸ்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்க: 1.5 மீட்டர் நீளம், 2 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாய், அதோட ஒரு முனையில மூடின சின்ன அறை, அதுக்குள்ள இண்டிகேட்டர் பட்டை. நீராவி அந்த முனை வரை போனாத்தான் பட்டை முழுசா நிறம் மாறும். கூடவே வேக்குவம் லீக் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேளுங்க. நிமிஷத்துக்கு 1.3 மில்லிபாருக்கு மேல அழுத்தம் ஏறக்கூடாது. இந்த ரெண்டையும் காட்டத் தயங்கினா அந்த மெஷினே வேண்டாம்.

பத்துவருஷ_பிராக்டிஸ்:
கிளாஸ் பி நல்லதுதான், மறுக்கல. ஆனா சின்ன ஊர்ல புதுசா ஆரம்பிக்கிறவங்க தலையில இவ்வளவு பெரிய தொகையை ஏத்தணுமா? குக்கர் டைப்புல 15 பி.எஸ்.ஐ. வந்தா 121 டிகிரின்னு படிச்சிருக்கோம். 30 நிமிஷம் வெச்சா எல்லாம் செத்துடும். அப்புறம் ஒவ்வொரு பேஷண்டுக்கும் ஏரோட்டரை ஆட்டோகிளேவ் பண்ணினா பேரிங் ஆறு மாசத்துல சத்தம் போட ஆரம்பிச்சுடும். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, 30 விநாடி தண்ணி ஓட விட்டா நடைமுறைக்குப் போதாதா?

சிஎஸ்எஸ்டி_சிஸ்டர்:
டாக்டர், 15 பி.எஸ்.ஐ.-க்கு 121 டிகிரி என்ற கணக்கு, உள்ளே சுத்தமான நீராவி மட்டும் இருந்தால்தான் பொருந்தும். காற்றில் பாதியை மட்டும் வெளியேற்றிவிட்டு வால்வை மூடினால் அதே 15 பி.எஸ்.ஐ. காட்டும், வெப்பம் 112-தான் இருக்கும். காற்றையே வெளியேற்றாவிட்டால் 100. முள் பொய் சொல்வதில்லை, அது அழுத்தத்தை மட்டுமே காட்டுகிறது. அதனால் குக்கர் டைப் வைத்திருப்பவர்கள், வால்வைத் திறந்துவைத்து நீராவி விடாமல் சீறி வரத் தொடங்கியபின் 5 நிமிடம் அப்படியே விட்டு, அதற்குப் பிறகுதான் மூட வேண்டும். நேரத்தை 121 வந்தபிறகே எண்ண வேண்டும், அடுப்பு போட்ட நேரத்திலிருந்து அல்ல. பவுச் போட்டதற்கு 30 நிமிடம், பவுச் இல்லாத திடப் பொருளுக்கு 15.

இன்னொரு சிக்கல் ஈரம். குக்கர் டைப்பில் காய வைக்கும் வசதி கிடையாது. பவுச் நனைந்து வெளியே வந்தால் அதன் காகிதப் பக்கம் வெளியே இருக்கும் கிருமியை ஈரத்தோடு உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த பவுச் ஸ்டெரைல் இல்லை என்றே கணக்கு. விசிறிக்குக் கீழே காய வைத்து அலமாரியில் அடுக்குவது தீர்வே அல்ல.

ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது வெளிப்புறத்துக்கு மட்டும். டர்பைன் ஓடி நிற்கும்போது தலைக்குள் ஒரு நொடி வெற்றழுத்தம் உண்டாகும். அந்த நொடியில் வாயில் இருக்கும் எச்சில், ரத்தம், பல்தூள் எல்லாம் உள்ளே இழுபடும். அடுத்த நோயாளிக்கு ஓட்டும்போது அதுதான் முதலில் வெளியே வரும். 30 விநாடி ஓட விடுவது அவசியம், ஆனால் அது சுத்தம் செய்யும் முதல் படி. ஸ்டெரிலைசேஷனுக்கு அது ஈடாகாது. அமெரிக்காவின் சி.டி.சி. 2003 வழிகாட்டுதலிலேயே ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே ஹேண்ட்பீஸை (ஏரோட்டர் போன்ற கைக்கருவிகளை) வெப்பத்தால் ஸ்டெரிலைஸ் செய்யச் சொல்லியாகிவிட்டது.

சேர்மெக்கானிக்:
பேரிங் விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன் டாக்டர். ஆட்டோகிளேவால கெட்டுப்போன பேரிங்கைவிட, எண்ணெய் போடாம ஆட்டோகிளேவ் பண்ணிக் கெட்டது அதிகம். சரியான வரிசை இது:

பேஷண்ட் முடிஞ்சதும் பர் (முனையில சுத்துற குடையும் ஊசி) இருக்கும்போதே 20 முதல் 30 விநாடி தண்ணி, காத்து ரெண்டையும் ஓட விடுங்க. பரைக் கழட்டுங்க. வெளியே துடைங்க. கழட்டின ஏரோட்டரை அல்ட்ராசோனிக்ல (ஒலி அதிர்வால கழுவுற தொட்டி) முக்கவே கூடாது, குளுடரால்டிஹைடு கிருமிநாசினியில ஊறவும் வைக்கக்கூடாது. பின்பக்கம் நாஸில் பொருத்தி எண்ணெய் ஸ்பிரே 1 அல்லது 2 விநாடி. தலையிலிருந்து வர்ற எண்ணெய் கறுப்பா வந்தா, தெளிவா வரும் வரை திரும்ப அடிக்கணும். இதுக்கப்புறம் செய்ய வேண்டியதுதான் பலர் விடுறது: மிச்ச எண்ணெயைக் காத்து விட்டு வெளியேத்தணும். எண்ணெய் உள்ளே நின்னா 134 டிகிரியில அது பிசினாகி பேரிங்ல ஒட்டும். நீராவி படவும் விடாது. அப்புறம் பவுச், 134 டிகிரி. 135-க்கு மேல போற டிரையிங் சைக்கிள் போடக்கூடாது. வெளியே எடுத்ததும் சீக்கிரம் வேணும்னு குழாய்த் தண்ணியில காட்டினா உலோகம் ஒரே நேரத்துல சுருங்காது, பரைப் பிடிக்கிற சக் புடிமானம் விட்டுடும்.

எண்ணிக்கை பத்திச் சொல்லணும், இதுதான் கொட்டேஷன்லயே பெரிய தப்பு. சுத்தம், எண்ணெய், பவுச் 10 நிமிஷம். சைக்கிள் காய வைக்கிறதோட 45 முதல் 50. ஆறுறதுக்கு 15. மெஷின் நிரம்பக் காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்தா ஒரு ஏரோட்டர் திரும்பி வர கிட்டத்தட்ட 2 மணி நேரம். அந்த 2 மணி நேரத்துல ஒரு சேர்ல 3, 4 பேர் உக்காருவாங்க. ஆக, ஒரு சேருக்கு 5 ஏரோட்டர் குறைஞ்சபட்சம், அதுல ஒண்ணு ரிப்பேருக்குப் போனா ஈடுகட்ட. 2 சேருக்கு 3 ஏரோட்டர்னா, கிளாஸ் பி வாங்கி வெச்சாலும் அசிஸ்டென்ட் துடைச்சுத்தான் மாட்டுவாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, வேற வழியே கொடுக்கல. ஸ்லோ ஸ்பீட் கான்ட்ரா ஆங்கிளுக்கும் (மெதுவா சுத்துற, தலை வளைஞ்ச கருவி) இதே கணக்கு, எண்ணிக்கை மட்டும் குறைவு.

வேர்சிகிச்சை:
யூ.வி. சேம்பர், கிளாஸ் பீட் ரெண்டையும் பத்தி யாரும் பேசல. ரெண்டையும் கொட்டேஷன்லருந்து எடுத்துடுங்க.

யூ.வி. வெளிச்சம் பட்ட இடத்துல மட்டும் வேலை செய்யும். ஃபார்செப்ஸோட மூட்டு, கண்ணாடியோட பின்பக்கம், தட்டு மேல பதிஞ்ச பக்கம் எல்லாம் நிழல். பவுச்ல இருக்கிற கருவிக்கு அது தேவையே இல்லை, பவுச் இல்லாம உள்ளே போட்ட கருவி ஸ்டெரைலாவும் இருக்காது. மூடின அலமாரி போதும்.

கிளாஸ் பீட்ல ஃபைலோட (பல் வேர்க் குழாயைச் சுரண்டுற ஊசி) நுனி மட்டும் சூடாகும், பிடி வெளியே நிக்கும். கிண்ணத்துல ஓரத்துக்கும் நடுவுக்கும் வெப்பம் ஒண்ணா இருக்காது. ஒரே நோயாளிக்கு நடுவுல ஃபைலைத் திரும்ப உள்ளே விடும்போது தொட்டு எடுக்கச் சிலர் வெச்சிருக்காங்க, அதை ஸ்டெரிலைசேஷன்னு பில் புத்தகத்துல எழுதக்கூடாது. அந்தக் காசுக்கு மூடியோட அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கலாம். ஃபைல் பள்ளத்துல ஒட்டின பல்தூளை பிரஷ்ஷால எடுக்க முடியாது, கையில குத்திக்கிற ஆபத்தும் உண்டு. என்சைம் கரைசல் லேபிள்ல சொன்ன அளவுல, மூடி போட்டு 5 முதல் 10 நிமிஷம், கழுவி, உலர்த்தி, லூப்பால (பூதக்கண்ணாடி) ஒரு தடவை பார்த்து, அப்புறம் பவுச். கரைசலை தினமும் மாத்தணும். மெஷின் வேலை செய்யுதான்னு பார்க்க அலுமினிய ஃபாயில் துண்டைக் கரைசல்ல 20 விநாடி தொங்க விடுங்க. ஃபாயில் முழுக்கச் சின்னச் சின்னக் குழி விழணும். ஒரு ஓரத்துல குழியே இல்லைன்னா அந்தப் பக்கம் அதிர்வு கொடுக்கிற டிரான்ஸ்டியூசர் போயிடுச்சு.

அழுக்கோட உள்ளே போன கருவி எந்த ஆட்டோகிளேவ்லயும் ஸ்டெரைல் ஆகாது. காஞ்ச ரத்தத்துக்கு அடியில நீராவி போகாது.

பத்துவருஷ_பிராக்டிஸ்:
எண்ணெய் வரிசையும் 2 மணி நேரக் கணக்கும் ஏத்துக்கிறேன், அதை வெச்சுப் பார்த்தா கிளாஸ் பி-யை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. ஆனா ஒரு நடைமுறைக் கேள்வி: சாயங்காலம் வோல்டேஜ் இறங்குற ஊர்ல கிளாஸ் பி பாதியில நின்னா? அதோட நம்ம போர் தண்ணி?

சேர்மெக்கானிக்:
18 லிட்டர், 23 லிட்டர் மெஷின் 2 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். தனி 16 ஆம்பியர் பாயின்ட், தனி எம்.சி.பி., மெஷினுக்கு ஏத்த ஸ்டெபிலைசர். கம்ப்ரெஸரோட ஒரே லைன்ல போடாதீங்க, ரெண்டும் ஒண்ணா ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் விழும். சைக்கிள் நடுவுல கரன்ட் போச்சுன்னா அந்த லோட் மொத்தமும் ஸ்டெரைல் இல்லை. பவுச் நிறம் மாறியிருந்தாலும் புது பவுச்ல போட்டு முழு சைக்கிள் திரும்ப ஓட்டணும்.

போர் தண்ணி உள்ளேயே போகக்கூடாது. மெஷினுக்குப் போடுற தண்ணி 15 மைக்ரோசீமென்ஸுக்குள்ள இருக்கணும். டி.டி.எஸ். மீட்டர்ல சுமார் 7 காட்டும். வீட்டு ஆர்.ஓ. தண்ணி 50, 100-னு காட்டும், அது போதாது. சேம்பர் சுவர்ல வெள்ளை படியும், வால்வு அடைக்கும், கருவி மேல பழுப்புப் புள்ளி விழும், அதைத் துருன்னு நினைச்சு கருவியைத் தூக்கி எறிவாங்க. டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்குங்க, வர்ற ஒவ்வொரு கேனையும் மீட்டர்ல பாருங்க.

கதவு கேஸ்கெட்டை (ரப்பர் வளையம்) தினமும் ஈரத்துணியால துடைங்க. லீக் டெஸ்ட் தோத்தா பத்துக்கு எட்டு தடவை கேஸ்கெட்தான் காரணம், ஒரு தலைமுடி மாட்டினாலே போதும்.

சிஎஸ்எஸ்டி_சிஸ்டர்:
மெஷின் வாங்கியபின் சோதனைதான் விட்டுப்போகிறது. 2013-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவில், ஒரு பல் சர்ஜரி கிளினிக்கின் சுமார் 7,000 நோயாளிகளை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். அங்கே ஆட்டோகிளேவை ஸ்போர் டெஸ்ட் (எளிதில் சாகாத கிருமி விதைகளை உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று பார்ப்பது) செய்தே 6 ஆண்டுகள் ஆகியிருந்தன என்று பல் மருத்துவ வாரியத்தின் குற்றச்சாட்டில் இருந்தது. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி போனதை மரபணு ஒப்பீட்டில் உறுதி செய்தார்கள்.

பவுச்சில் நிறம் மாறும் கோடு, அந்தப் பவுச் சூட்டில் போய்வந்தது என்பதை மட்டும் சொல்லும். நேரம், வெப்பம், நீராவி மூன்றும் சேர்ந்ததா என்று பார்க்கப் பவுச்சுக்குள் டைப் 5 பட்டை வேண்டும். தினமும் காலையில் வெறும் மெஷினில் ஹெலிக்ஸ். வாரம் ஒருமுறை ஸ்போர் டெஸ்ட், ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் உள்ள குப்பி. அதை மெஷினின் வெறுமையான மூலையில் வைத்தால் எப்போதும் பாஸ் ஆகும். வழக்கமான முழு லோடுக்கு நடுவே, ஒரு பவுச்சுக்குள் வையுங்கள். அதே லாட் நம்பர் குப்பி இன்னொன்றை ஆட்டோகிளேவில் போடாமல் இரண்டையும் இன்குபேட்டரில் வையுங்கள். போடாத குப்பியில் நிறம் மாற வேண்டும். அதிலும் மாறாவிட்டால் குப்பியே செத்தது, டெஸ்ட் செல்லாது. போட்ட குப்பியில் நிறம் மாறினால் மெஷினை நிறுத்தி, கடைசியாகப் பாஸ் ஆன நாளிலிருந்து ஓட்டிய பவுச்சுகளில் அலமாரியில் இருப்பதையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். எந்தப் பவுச் எந்த நாள் போனது என்று தெரிந்தால்தான் இது முடியும். ஒவ்வொரு பவுச்சிலும் பிளாஸ்டிக் பக்கம் சைக்கிள் நம்பரும் தேதியும் எழுதுங்கள். காகிதப் பக்கம் எழுதினால் மை உள்ளே ஊறும்.

அடுக்கும்போது பவுச்சைப் படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கக் கூடாது. ரேக்கில் நிறுத்தி, ஒன்றின் காகிதம் அடுத்ததன் பிளாஸ்டிக்கைப் பார்க்கும்படி இடைவெளி விட்டு. ஃபார்செப்ஸ் வாய் திறந்திருக்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் எந்தப் பவுச்சையும் நிரப்பாதீர்கள், ஓரம் பிரிந்துவிடும்.

சேர்மெக்கானிக்:
அடுத்தது தண்ணி லைன். சேர் தேர்வுல நான் டச் பேனலைப் பார்க்கவே மாட்டேன், தண்ணி எங்கிருந்து வருதுன்னு பார்ப்பேன்.

சேருக்குள்ள போற தண்ணி டியூபோட உள்விட்டம் சுமார் 2 மி.மீ. ராத்திரி முழுக்க, ஞாயித்துக்கிழமை முழுக்க தண்ணி அதுல அசையாம நிக்கும். ஓடும்போதும் நடுவுல வேகமாவும் சுவரோரம் கிட்டத்தட்ட நின்ன மாதிரியும் ஓடும். கிருமி சுவர்ல ஒட்டிப் படலம் கட்டும். பழைய சேரோட டியூபை ஒரு அங்குலம் வெட்டிப் பிரிச்சுப் பாருங்க: உள்சுவர்ல மங்கலான ஒரு படலம், நகத்தால சுரண்டினா வழுவழுன்னு சளி மாதிரி வரும். காலையில 2 நிமிஷம் தண்ணி ஓட விட்டா மிதக்கிற கிருமி குறையும். படலம் அப்படியே இருக்கும், மத்தியானத்துக்குள்ள பழைய அளவுக்கு வந்துடும்.

அதனால மாடித் தொட்டியிலிருந்து நேரா வர்ற லைனை விட்டுட்டு, தனி பாட்டில் சிஸ்டம் இருக்கிற சேரா எடுங்க. 1 லிட்டர், 2 லிட்டர் பாட்டில், கையில கழட்டி மருந்து கலக்கலாம். மாடித் தொட்டித் தண்ணிக்கு மருந்து கலக்க வழியே இல்லை. ஹேண்ட்பீஸ் லைன்ல ஆன்டி ரிட்ராக்‌ஷன் வால்வு இருக்கணும், அதைத் தனியா மாத்த முடியணும். வால்வுல இருக்கிற ரப்பர் தேயும், தேஞ்சா வாய்த்தண்ணி சேருக்குள்ளயே போகும். சர்வீஸ்காரர் வரும்போது வால்வை டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.

வாய்முக_சர்ஜன்:
இந்தப் படலத்தால் உயிரும் போயிருக்கிறது. 2011-ல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் லெஜியோனெல்லா நிமோனியாவால் இறந்தார். அவர் போன பல் கிளினிக்கின் தண்ணி லைனில் இருந்த கிருமியும் அவர் நுரையீரலில் இருந்ததும் ஒன்றே என்று லான்செட்டில் வந்தது. 2015-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலும், 2016-ல் கலிஃபோர்னியாவின் அனஹைமிலும் குழந்தைகளுக்குப் பல்கூழ் சிகிச்சை செய்தபோது, லைன் தண்ணீரிலிருந்து மைக்கோபாக்டீரியம் அப்செஸ்ஸஸ் தாடை எலும்புக்குள் போனது. அனஹைமில் மட்டும் 71 குழந்தைகள். பலருக்கு நிரந்தரப் பல்லும் எலும்பும் எடுக்க நேர்ந்தது. அங்கே தண்ணி அமைப்பைப் புதிதாக மாற்றிய பிறகும் கிருமி திரும்ப வந்தது. புது டியூப் போட்டுவிட்டால் முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எனவே எலும்பு திறக்கும் வேலை எதற்கும் சேர் தண்ணீர் கூடாது: கடைவாய்ப்பல் அறுவை, இம்ப்ளான்ட் (செயற்கைப் பல் வேர்), ஃபிளாப் (ஈறைப் பிரித்துத் திறக்கும் அறுவை). பாட்டிலில் ஸ்டெரைல் சலைன் ஊற்றிவிட்டால் ஆயிற்று என்பது தவறு. போகிற டியூப் ஸ்டெரைல் இல்லையே. உப்பு ஏரோட்டரையும் அரிக்கும். ஸ்டெரைல் டியூபோடு வரும் பிசியோ டிஸ்பென்சர் (தனியாகச் சலைன் செலுத்தியபடி எலும்பைக் குடையும் மெஷின்) வேண்டும், அது இல்லாவிட்டால் அசிஸ்டென்ட் 20 மி.லி. சிரிஞ்சில் ஸ்டெரைல் சலைன் விட வேண்டும். டியூப் செட் ஒருவருக்கு ஒன்று.

புதுகிளினிக்:
பாட்டில்ல ஆர்.ஓ. தண்ணி ஊத்தினா போதுமா? லேப்ல "கோலிஃபார்ம் இல்லை"ன்னு ரிப்போர்ட் வாங்கியிருக்கோம்.

சிஎஸ்எஸ்டி_சிஸ்டர்:
ஆர்.ஓ.-வில் குளோரின் போய்விடுகிறது, அதனால் சேமிப்புத் தொட்டியில் கிருமி வளர எந்தத் தடையும் இல்லை. ஆர்.ஓ. தண்ணீர் உப்புக்குத்தான் தீர்வு.

கோலிஃபார்ம் ரிப்போர்ட் குடிநீரில் சாக்கடை கலந்ததா என்று பார்ப்பது. லைன் படலத்தில் இருப்பவை வேறு வகை, அவை 37 டிகிரியில் ஒரு நாளில் முளைக்காது. "ஹெட்டரோட்ரோஃபிக் பிளேட் கவுன்ட், ஆர்2ஏ அகார்" என்று எழுதிக் கேளுங்கள். அறை வெப்பத்தை ஒட்டி ஒரு வாரம் வரை வைத்து எண்ணுவார்கள். மி.லி.க்கு 500-க்குள் இருக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது ஏரோட்டரைக் கழட்டி, லைனை 30 விநாடி ஓட விட்டு, ஸ்டெரைல் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் லேபுக்குச் சேர்க்க வேண்டும். லைனில் குளோரின் மருந்து இருந்தால் பாட்டிலில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வழியிலேயே கிருமி செத்து நல்ல ரிப்போர்ட் வரும். மாதம் ஒருமுறை எடுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் பாஸ் ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

மருந்து இரண்டு விதம். பாட்டிலில் தினமும் போடும் மாத்திரை படலம் உருவாகாமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே கட்டியதை உரிக்க ஷாக் மருந்து, கடைசி நோயாளிக்குப் பிறகு லைனில் நிரப்பி, சொன்ன நேரம் நிறுத்தி, அடுத்த நோயாளிக்கு முன் முழுதும் வெளியேற்றுவது. ஷாக் செய்யாமல் நேரே மாத்திரை தொடங்கினால் படலம் துண்டு துண்டாகப் பெயர்ந்து ஏரோட்டர் ஸ்பிரே துளையை அடைக்கும். ஹைப்போகுளோரைட் மலிவுதான், ஆனால் சேர் தயாரிப்பாளர் கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும். சில சேர்களின் உள் வால்வுகளை அது தின்றுவிடும். வாங்கும் முன்பே, எந்த மருந்தை ஏற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரவில் பாட்டிலைக் கழட்டிக் கவிழ்த்து, லைனைக் காற்று விட்டு வெறுமையாக்கி விடுங்கள்.

வேர்சிகிச்சை:
சேர்ல இன்னும் மூணு இடம் பாருங்க. த்ரீ வே சிரிஞ்ச் முனை கழட்ட முடியணும், அதுல காத்து, தண்ணின்னு மெல்லிய ஓட்டை இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் புதுசு போடுற பிளாஸ்டிக் முனைதான் சுலபம். ஸ்கேலரோட (பல் காறை எடுக்கிற கருவி) டிப் மட்டும் இல்லாம கைப்பிடியும் கழட்டி ஆட்டோகிளேவ்ல போடுற மாதிரி வாங்குங்க. விலை குறைஞ்ச மாடல்ல கைப்பிடி கேபிளோட ஒட்டியே வரும், அதைத் துடைக்க மட்டும்தான் முடியும். மூணாவது, சீட் தையல் இல்லாம ஒரே வார்ப்பா இருக்கணும்.

சலைவா எஜெக்டரை (எச்சில் உறிஞ்சுற குழாய்) வாயில வெச்சதும் "உதட்டை மூடி உறிஞ்சுங்க"ன்னு பேஷண்ட்கிட்ட சொல்றது வழக்கமா இருக்கு. அதை விட்டுடணும். உறிஞ்சும்போது வாய்க்குள்ள அழுத்தம் குறைஞ்சு, டியூப்ல நிக்கிற முந்தின ஆளோட எச்சில் திரும்பி வரும். சக்‌ஷன் லைன்ல தினமும் கடைசியா நுரை வராத என்சைம் கரைசல் 1 லிட்டர் இழுக்க விடுங்க.

ஆம்பூர்வாசி:
நான் டாக்டர் இல்லீங்க, நோயாளி பக்கத்திலிருந்து கேட்கிறேன். பக்கத்து ஊர்ல நடந்ததால வீட்டுல எல்லாருக்கும் பயம். சேர்ல உக்காந்ததும் நாங்க எதைப் பார்க்கணும்? டாக்டரைக் கேட்டா கோவிச்சுக்குவாங்களோ?

வாய்முக_சர்ஜன்:
கோவிக்க மாட்டார்கள் ஐயா, ஒழுங்காகச் செய்கிறவருக்குக் காட்டுவதில் சந்தோஷம்தான். மூன்று கேள்வி போதும். "கருவி பவுச்சை என் முன்னாடி பிரிப்பீங்களா?" ஏரோட்டரும் பவுச்சிலிருந்துதான் வர வேண்டும், சேரில் ஏற்கெனவே மாட்டியிருந்தால் கேளுங்கள். பவுச் நனைந்த தடம், கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். "சலைன் புது பாட்டிலா?" பஞ்சு அடைத்த, ஊசி செருகிய பாட்டில் மேசையில் இருந்தால் அதை உங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "ஸ்போர் டெஸ்ட் எப்போது செய்தீர்கள்?" இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமோ பிரிண்டோ இருக்கும்.

பல் பிடுங்கிய பிறகு காய்ச்சலோடு கடும் தலைவலி, பார்வை இரண்டாகத் தெரிவது, முகத்தில் ஒரு பக்கம் இழுப்பது எது வந்தாலும் பல் கிளினிக்கோடு நிற்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். எப்போது, எங்கே பல் சிகிச்சை நடந்தது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மெலியாய்டோசிஸ் என்று சந்தேகம் வந்தால்தான் அதற்கு உரிய கல்ச்சரும் செஃப்டாசிடைமோ மெரோபெனமோ நேரத்தில் தொடங்கும். வழக்கமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் இதற்குக் கேட்காது.

புதுகிளினிக்:
எல்லாருக்கும் நன்றி. கொட்டேஷனை மாத்தி எழுதியிருக்கோம். சேர்ல டச் பேனல், கேமரா, மானிட்டர் இல்லாத அடிப்படை மாடல், தனி பாட்டில் சிஸ்டம், கழட்டுற ஸ்கேலர் கைப்பிடி. கிளாஸ் பி 23 லிட்டர். ஏரோட்டர் 10, கான்ட்ரா ஆங்கிள் 6. அல்ட்ராசோனிக், பவுச் சீலர், ஸ்போர் குப்பிக்கு இன்குபேட்டர், டி.டி.எஸ். மீட்டர். யூ.வி., கிளாஸ் பீட் எடுத்தாச்சு. மொத்தம் பழைய தொகையைவிடக் கொஞ்சம்தான் கூடுது. சிஸ்டர், ஒரு கேள்வி மட்டும்: இதுக்கெல்லாம் இடம் எவ்வளவு ஒதுக்கணும்? 6 அடிக்கு 8 அடி ரூம் இருக்கு.

சிஎஸ்எஸ்டி_சிஸ்டர்:
போதும். ஒரே சுவரில் நேர்கோட்டில் அமையுங்கள், அழுக்கு வரும் கதவுப் பக்கத்திலிருந்து: அழுக்கு டிரே வைக்கும் இடம், கழுவும் தொட்டி, அல்ட்ராசோனிக், உலர்த்தி லூப்பால் பார்க்கும் மேசை, பவுச் சீலர், ஆட்டோகிளேவ், கடைசியில் மூடிய அலமாரி. கருவி எந்த இடத்திலும் பின்னால் திரும்பி வரக் கூடாது. கை கழுவ வேறு பேசின், கருவி கழுவும் தொட்டியில் அல்ல. ஆட்டோகிளேவ் கதவு திறக்கும் பக்கத்தில் ஆவி மேலே போக இடம் விடுங்கள், அதற்கு நேர் மேலே அலமாரி அடித்தால் அடியில் நீர் கோத்துப் பவுச் மேலேயே சொட்டும். கழுவுபவருக்குக் கனமான ரப்பர் கையுறை, முகக் கவசம், பிளாஸ்டிக் ஏப்ரன். டாக்டர் போடும் மெல்லிய கையுறை எக்ஸ்ப்ளோரர் (பல்லைச் சோதிக்கும் கூர்க் கருவி) நுனிக்குத் தாங்காது.